மெழுகைப் பார்க்க வாருங்கள்: உற்சவத் திருமேனி செய்யச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகைக் கோயில்களின் திருப்பணிக் குழுவினருக்கும், அறங்காவலர்களுக்கும், திருமேனிக்கு விலைப்புள்ளி கேட்டு அறிவிப்பு எழுதும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் பட்டறைகளுக்கு நீங்கள் அனுப்பும் தாளில் பெரும்பாலும் நான்கு விவரங்கள்தாம் இருக்கின்றன: எந்த மூர்த்தி, எத்தனை அடி, எத்தனை கிலோ, என்றைக்குள். கீழே "பஞ்சலோகம்" என்று ஒரு சொல். கிலோவுக்கு என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். குறைத்துச் சொன்னவருக்கு வேலை. சில மாதம் கழித்து, பளபளவென்று துடைத்து வைத்த திருமேனியைப் பார்க்க ஒரு வேனில் பத்துப் பேர் வருகிறீர்கள். "முகம் கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்கிறார் ஒருவர். "அம்பாளுக்கு இடுப்பு இன்னும் ஒடுங்கியிருக்கலாம்" என்கிறார் இன்னொருவர். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நாள் எப்போதோ போயிருக்கும்.

திருமேனியின் வடிவம் மெழுகிலேயே முடிந்துவிடுகிறது. மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிடுவோம். மெழுகு விட்டுச்சென்ற இடத்தை உலோகம் நிரப்புகிறது, அவ்வளவுதான். மெழுகில் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். உலோகத்தில் குறைக்க மட்டுமே முடியும். மெழுகு மூக்கை ஒரு நூல் உயர்த்தச் சூட்டுக்கோலும் பத்து நிமிடமும் போதும். வார்த்த பிறகு மூக்கை உயர்த்த வழி கிடையாது. இரு பக்கமும் கன்னத்தைச் சீவி, மூக்கு உயர்ந்ததுபோலக் காட்டலாம். அப்படிச் சீவிய முகங்கள்தாம் உங்களுக்கு இறுக்கமாகத் தெரிகின்றன.

ஆகவே இந்த வேலையைச் செய்யும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மெழுகைப் பார்க்க வாருங்கள். பார்த்து ஒப்பிய பிறகே மண் பூச வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான காரணங்களும், வந்தால் எதைப் பார்ப்பது என்ற விவரங்களும்தான்.

முதலில் உயரம். "2 அடி" என்று எழுதினால் பீடத்தோடா, பீடம் நீங்கலாகவா, கிரீடத்தின் உச்சி வரையா, திருவாசியும் சேர்த்தா? இந்த ஒரு சொல்லில் மட்டும் திருமேனி கால் பங்கு பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளை எப்படிக் குறிக்கின்றன என்று பாருங்கள். பாதாதிகேசாந்தம், அதாவது பாதம் முதல் கேசம் வரை, எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கைகள் எத்தனை, கனமாகச் செய்ததா, பீடத்தின் அளவு என்ன என்றெல்லாம் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்தார்கள், அதற்கு ஆடவல்லான் என்ற பெயரில் எடைக்கல்லே இருந்தது. திருமேனியையோ கோயில் முழத்தால் அளந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த எழுத்தரின் விவரக்குறிப்பு, இன்றைய பல அறிவிப்புகளைவிடத் தெளிவாக இருக்கிறது.

ஸ்தபதி அளவெடுப்பது ஸ்கேலால் அன்று, ஓலையால். தென்னை ஓலையை ஈர்க்கு நீக்கித் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி, அதாவது முக நீளத்தை அலகாகக் கொண்ட உடலளவு முறைப்படி, மடிப்பார்கள். அந்த மடிப்புகள்தாம் முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால் என்று இடம் சொல்லும். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாளம், மொத்தம் 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் டேப்பின் அங்குலம் அன்று. அந்தத் திருமேனியின் உயரத்தையே வகுத்து வருவது. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள சோமாஸ்கந்தரை... இல்லை, அமர்ந்த கோலத்துக்குக் கணக்கு வேறு. நின்ற கோலத்துச் சந்திரசேகரரையே எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டரை 124ஆல் வகுத்தால் ஓர் அங்குலம் ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர். அங்குலத்தில் எட்டில் ஒன்று யவை, 0.6 மில்லிமீட்டர். கண்ணும் உதடும் யவைக் கணக்கில் நடப்பவை. இரண்டு யவை பிசகினால் முகம் வேறொருவர் முகமாகிவிடும். திருமேனியைப் பார்க்க வரும்போது அந்த ஓலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்பாரில்லையே என்பதுதான் பட்டறையில் இருக்கும் குறை.

அறிவிப்பில் உயரத்துக்குச் சிறிது விட்டுக்கொடுப்பும் எழுதுங்கள். உருகிய உலோகம் ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சுருங்கும். 60 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மெழுகை அதற்கேற்ப உயர்த்தியே பிடிப்பார்கள். ஆனாலும் அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி வரும். அதைக் காட்டி ஒரு நல்ல வார்ப்பைத் திருப்பி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

இனி கிலோ. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குக் கிலோ விலை பொருந்தும். ஒரே மாதிரியை வைத்துத் திரும்பத் திரும்ப மண்ணில் அச்சுப் பதித்து வார்க்கிறார்கள். எடை கூடினால் பித்தளை கூடுகிறது, வேலையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. திருமேனிக்கு அப்படியில்லை. மண் அச்சை உடைத்துத்தான் உள்ளிருப்பதை எடுக்க முடியும்; ஒரு மெழுகுக்கு ஓர் அச்சு, ஓர் அச்சுக்கு ஒரு வார்ப்பு. ஓர் அடி அம்பாளின் விரல்நகங்களுக்கும் மூன்றடி அம்பாளின் விரல்நகங்களுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். சிறியதில் கை நடுங்காமல் செய்வது கடினம், கிலோ விலையிலோ கூலி குறைவு. விளைவு என்ன? விலை கிலோவுக்கு என்றால், இடுப்பு ஒரு சுற்றுப் பருக்கும், ஆடை மடிப்பு தடிக்கும், பீடம் உயரும். யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. எடைக்குத்தான் கூலி என்றால் கையும் எடைப் பக்கமே சாயும்.

உயரம் கூடினால் எடை எப்படிக் கூடும் என்பதையும் குழுவில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றிடமில்லாமல் வார்க்கும் கனவார்ப்பில் உயரம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு. "உபயதாரர் ஆசைப்படுகிறார், இரண்டடியை இரண்டரையாக்கிவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது அரையடிதான். செம்புக் கணக்கில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய மதிப்பீட்டிலேயே செய்து தரச் சொன்னால் உள்ளே களிமண் கரு வைத்து உள்ளீடின்றி வார்க்கும் ஆசை யாருக்கும் வரும். பெரிய கவசத்துக்கும் வாகனத்துக்கும் உள்ளீடற்ற வார்ப்பு சரி. உற்சவருக்கு நம் பக்கத்தில் கனவார்ப்புத்தான் மரபு. சந்தேகமிருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. திருமேனியை எடை போட்டுக்கொள்ளுங்கள், விளிம்பு வரை நீர் நிரம்பிய பெரிய அண்டாவில் முழுக்க அமிழ்த்தி, வழிந்த நீரை நிறுங்கள். முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் எட்டரைக்கு அருகே, கொஞ்சம் மேலேயோ கீழேயோ வர வேண்டும். ஆறு, ஏழு என்று வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது.

மெழுகைப் பார்க்க வரும்போது பொறியாளரை மட்டும் அழைத்து வராதீர்கள், குருக்களை அழைத்து வாருங்கள். பெருமாள் கோயிலானால் பட்டாச்சாரியாரை. நாளும் அபிஷேகம் செய்து வஸ்திரம் சாத்தப்போகிறவர் அவர்தான். கைக்கும் விலாவுக்கும் நடுவே வஸ்திரம் நுழையுமா, அம்பாளின் மலர் பிடிக்கும் கையில் தண்டு செருகத் துளை போதுமா, மாலை தோளில் நிற்குமா வழுக்குமா, பீடத்தில் நீர் தேங்காமல் வழியுமா என்பவை அவருக்கு ஒரே பார்வையில் தெரியும். ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவரும் வந்தால் நல்லது. பீடத்தில் தண்டு கோக்கும் வளையங்களும் கயிறு கட்டும் இடங்களும் அவர் சொல்லும் இடத்தில் இருந்தால், வீதியுலாவில் திருமேனி ஆடாது. வார்த்த பிறகு துளையிட்டுக் கம்பி செருகி வைத்த வளையங்கள் எங்கே முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

மெழுகில் வேறென்ன பார்ப்பது? உச்சியிலிருந்து ஒரு தூக்குநூலை விடச் சொல்லுங்கள். நேரே நிற்கும் சமபங்கத்தில் அது மூக்கு நுனி, நாபி, இரு குதிகால்களின் நடு என்று இறங்க வேண்டும். மூன்று வளைவுள்ள திரிபங்கத்தில் எங்கெங்கு எவ்வளவு விலகும் என்பதை ஸ்தபதி சொல்வார். சொல்லத் தெரியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பிறகு முதுகைப் பாருங்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார் திருவெண்காட்டு ரிஷபவாகனர், 1011ஆம் ஆண்டவர். ஒருமுறை குழுவோடு போய் அவரைச் சுற்றி வந்து, பாம்புகள் சுற்றிய அந்தத் தலைக்கட்டையும் முதுகையும் பார்த்துவிட்டு வாருங்கள். மெழுகிலேயே அத்தனையும் முடித்து வார்த்தவர்கள் அந்தக் காலத்து ஸ்தபதிகள். இன்று பல பட்டறைகளில் மெழுகில் முக்கால்வாசிதான் செய்கிறார்கள். ஆபரணம், மணி, பூணூலின் புரி எல்லாவற்றையும் "பிறகு உளியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். உளியில் எழும் கோடு கூராக இருக்கும், மெழுகில் எழும் கோடு தசைபோல இளகியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாட்டைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மெழுகின் பக்கக் கோட்டில் மெல்லிய வரம்பு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடினால், அது ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த மெழுகு. பரிசுப் பொருளுக்கும் வரவேற்பறைச் சிலைக்கும் அந்த முறை நல்லதுதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். கையால் பிடித்த மெழுகின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

மெழுகுக் கலவையும் ஒரு விஷயம். தேன்மெழுகு நான்கு பங்கு, குங்கிலியம் நான்கு பங்கு, கடலை எண்ணெய் ஒரு பங்கு என்பது சுவாமிமலைப் பக்கத்துப் பழைய கணக்கு. குங்கிலியம் கூடினால் இறுகும், எண்ணெய் கூடினால் இளகும்; கத்திரி வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் கலவை ஒன்றாக இருக்காது. பாரபின் மெழுகு மலிவு, அதையும் இப்போது கலக்கிறார்கள். அதிகமானால் மெல்லிய இடங்கள் மடக்கென்று முறியும்.

இங்கேதான் உங்கள் நாட்காட்டியும் எங்கள் நாட்காட்டியும் மோதுகின்றன. ஆவணியில் ஆர்டர் கொடுத்து, தையில் கும்பாபிஷேகம் என்கிறீர்கள். நடுவில் ஐப்பசி, கார்த்திகை. மெழுகின்மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். அதை அரைத்துச் சலித்து, உமிக்கரியும் சாணமும் சேர்த்து, சந்தனம்போலக் குழைத்து, மூன்று மில்லிமீட்டர் அளவில் பூச வேண்டும். விரல்நகத்தையும் புருவத்தையும் பிரதியெடுப்பது அந்தப் படலம்தான். அதனால்தான் ஆற்றோரத்தில் இந்தத் தொழில் வேர்விட்டது.  அந்தப் பூச்சு நிழலில் காய வேண்டும், வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும். காய்ந்த பின் இன்னொரு பூச்சு, பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சு, பெரிய திருமேனியானால் இரும்புக் கம்பிக் கட்டு, அதன்மேல் இன்னும் மண். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அடைமழையில் நிழலில் எதுவும் காயாது. தேதி நெருங்குகிறது என்று அடுப்போரம் வைத்து அவசரமாக உலர்த்தினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்.

ஈரம் நின்றால் என்ன ஆகும்? ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகம் உள்ளே போகும்போது அந்த ஈரம் ஆவியாக வெடிக்கும். நல்ல காலமானால் திருமேனியில் ஊசித்துளைகளோடு போகும். இல்லையென்றால் அச்சே வெடித்து, ஊற்றுபவர் மேல் உலோகம் தெறிக்கும். காலில் செருப்புகூட இல்லாமல், உலோகம் உருக்கும் மூசையைத் தூக்குகிற மனிதர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உங்கள் தேதிக்கும் அவர்கள் காலுக்கும் தொடர்பு உண்டு என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை. இரண்டடித் திருமேனிக்கு நான்கு மாதம் கொடுங்கள். நடுவில் ஐப்பசி வந்தால் இன்னொரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் வேலை தையிலிருந்து ஆனிக்குள் விழும்படி ஆர்டர் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது.

அச்சு காய்ந்ததும் வறட்டித் தீயில் சூடாக்கி மெழுகை உருக்கி எடுப்பார்கள். அது வரும் வாய் வழியாகத்தான் பிறகு உலோகம் போகும். மெழுகைப் பிடித்த அன்றே, வாய்க்கும் வார்ப்புக் கால்களுக்கும் (உலோகம் ஓடும் வழிகளுக்கும்) வைத்த மெழுகையும் சேர்த்து நிறுத்து வைத்திருப்பார்கள். மெழுகு எடைக்கு எட்டு மடங்கு உலோகம் என்பது பழைய வாய்பாடு. கசடும் மூசையில் ஒட்டுவதும் சேர்ந்து நடைமுறையில் ஒன்பது பத்து மடங்கு உருக்கினால்தான் நிம்மதி. 10 கிலோ மெழுகுக்கு 80 கிலோவை மட்டும் உருக்கிவிட்டு, கடைசியில் பீடத்துக்கு இரண்டு கிலோ போதவில்லை என்றால், மறுபடி உருக்கி ஊற்றுவது ஒட்டாது. முன்னே ஊற்றியது மேலே தோல் கட்டியிருக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஒன்றாகாது. அந்தக் கோடு வழியாகத்தான் பின்னாளில் பீடம் கழன்றுவிடுகிறது.

உலோகக் கலவைக்கு வருவோம். உங்கள் அறிவிப்புகளில் மிகக் குழப்பமான சொல் "பஞ்சலோகம்". எந்த ஐந்து என்பதற்கே பட்டியல்கள் வேறுவேறாக இருக்கின்றன. சிலவற்றில் இரும்பும் வருகிறது. செம்பில் இரும்பு சரியாகக் கரையாது, அங்கங்கே கெட்டிப் புள்ளியாக நின்று உளி முனையை முறிக்கும். சுவாமிமலைப் பட்டறைகளில் பரவலாகப் புழங்கும் கணக்கு செம்பு 82, பித்தளை 15, ஈயம் 3. பொன்னும் வெள்ளியும் பெயருக்குத்தான், குன்றிமணி அளவு. உபயதாரர்கள் மூசையில் இடும் மோதிரமும் தோடும் அந்தக் கணக்கில் சேரும். "தங்கம் 1 சதவீதம்" என்று ஓர் அறிவிப்பில் எழுதினால், 100 கிலோத் திருமேனிக்கு ஒரு கிலோ தங்கம் என்று பொருள். அதைப் படித்துவிட்டும் கையெழுத்துப் போடுகிறவர் உங்களுக்கு எதைக் கொடுப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

பித்தளையைக் கூட்டிச் செம்பைக் குறைத்தால் செலவு குறையும், நிறமும் பொன்போல மஞ்சளாகத் தோன்றும். பார்க்க வருபவர்கள் அதைத்தான் பாராட்டுகிறீர்கள் என்பது ஒரு சிக்கல். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுவதோ 1085 டிகிரியில். ஆகவே செம்பு முழுக்க உருகிய பிறகு, கடைசியில்தான் பித்தளையை இட வேண்டும். முதலிலேயே போட்டால் வெள்ளைப் புகையாகப் பாதி போய்விடும், அதை முகர்ந்தவருக்கு இரவு குளிர்காய்ச்சல் வரும். ஈயம் செம்போடு கலந்ததுபோலத் தோன்றினாலும் கரைவதில்லை, அடியில் இறங்கும். ஊற்றுவதற்கு முன் நன்றாகக் கலக்காவிட்டால் திருமேனியின் ஒரு பக்கத்தில் சாம்பல் திட்டாகத் தெரியும்.

பரிசோதனை வேண்டுமானால் வார்ப்புக் காலிலிருந்து வெட்டிய துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதே மூசை, அதே ஊற்று. திருமேனியில் துளை போடத் தேவையில்லை. மேல்பரப்பில் கருவியை வைத்துப் படிக்கும் சோதனை, மெருகேற்றிய தோலைத்தான் படிக்கும், உள்ளிருப்பதை அன்று.

ஊற்றும் நாளில் அச்சைப் பழுக்கச் சூடாக்கி, வாய் மட்டும் மேலே தெரியக் குழியில் புதைத்துச் சுற்றிலும் மண்ணிட்டு இறுக்குவார்கள். ஊற்று நூல்பிடித்ததுபோல் நில்லாமல் போக வேண்டும். காற்று வெளியேற விட்ட துளைகளில் உலோகம் எட்டிப் பார்த்தால் நிரம்பிவிட்டது. அச்சு ஆறியிருந்தால் முதலில் போவது விரல்கள். உலோகம் விரல் நுனிக்குப் போகுமுன்பே உறைந்துவிடும். நடுவில் கை நின்றால் மடிப்புக் கோடு விழும். முதல் பூச்சு மெழுகில் சரியாக ஒட்டாமல் இருந்தால் மண் துகள் உதிர்ந்து கன்னத்திலேயே குழியாக உட்காரும். அச்சில் விரிசல் இருந்தால் சுறாத்துடுப்புப்போல மெல்லிய தகடு நீட்டிக்கொண்டு வரும், அது சீவினால் போய்விடும், பெரிய குறையில்லை. ஆறவும் நேரம் கொடுக்க வேண்டும். பெரிய திருமேனிக்கு ஒரு நாளுக்கு மேல். தண்ணீர் தெளித்து அவசரப்படுத்தினால் கனமும் மெலிவும் சேரும் இடத்தில், குறிப்பாகக் கணுக்காலில், வெடிப்பு வரும்.

ஆகவே இரண்டாவது முறையும் வாருங்கள்: அச்சை உடைத்து, வார்ப்புக் கால்களை வெட்டி, மெருகு போடும் முன்பாக. அழுக்காக, கறுத்து, கரடுமுரடாக இருக்கும். புகைப்படத்துக்கு ஆகாது. ஆனால் அன்று மறைக்க எதுவுமில்லை. விரல்கள் பத்தும் (நான்கு கையானால் இருபதும்) ஒரே வார்ப்பா, பின்னால் பற்றவைத்ததா என்று அன்று தெரியும். ஓட்டைகளைச் செம்பு ஆணி அடித்து நிரப்பியிருந்தால் தெரியும். மெருகு போட்ட பிறகு எதுவும் தெரியாது. ஆறு மாதம் பாலும் இளநீரும் பட்ட பிறகு ஒட்டுப்போட்ட இடம் மட்டும் வேறு நிறமாக எழுந்து வரும், அப்போது அர்ச்சகர் உங்களைக் கூப்பிடுவார். ஊசித்துளைகள் முதுகிலோ பீடத்திலோ இருந்தால் எங்கள் கருத்தில் ஏற்கலாம். முகத்திலும் கையிலும் பெரிய குறை இருந்தால் மறுவார்ப்புத்தான். அந்தச் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். இப்போது அது முழுக்கப் பட்டறையின் தலையில் விழுவதால்தான் ஒட்டுவேலை நடக்கிறது. உலோகம் மீளும், அதை மறுபடி உருக்கலாம். போவது மெழுகுக் கூலியும் மண் கூலியும் விறகும். மெழுகை நீங்கள் ஒப்பிய பிறகு வார்ப்பில் கெட்டால் அந்தக் கூலியில் பாதியையாவது கோயில் ஏற்பது நியாயம் என்று நினைக்கிறோம்.

மெருகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரச் சக்கரத்தில் கண்ணாடிபோலத் தேய்க்கக் கேட்காதீர்கள். மூக்கும் முலையும் முழங்காலும் முதலில் தேயும், அந்தத் தேய்மானம் திரும்பாது. உளியும் அரமும் முடிந்தபின் புளியும் பூந்திக்கொட்டையும் போதும். கோயிலுக்குப் போன பிறகும் எலுமிச்சையும் பித்தளை பாலிஷும் வேண்டாம். அபிஷேகம் முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, இடுக்குகளில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புள்ள ஈரம் நின்றால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும், அது பூத்த இடத்தில் உலோகம் அரித்துக்கொண்டே போகும்.

இன்னொன்று, பதிவேடு. சிவபுரத்து நடராசர் 1951இல் மண்ணிலிருந்து வெளிவந்தவர். சீர்செய்யக் கொடுத்த இடத்தில் நகல் செய்யப்பட்டு, நகல் கோயிலுக்கு வந்தது. அசல் கடல் கடந்து ஓர் அமெரிக்க அருங்காட்சியகம் வரை போய், வழக்கு நடந்து, 1986இல்தான் திரும்பியது. அந்த நகலைச் செய்ததும் எங்கள் தொழிலைச் சேர்ந்த கைதான், அதை மறைத்து என்ன. பழைய திருமேனிகள் பலவற்றை அடையாளம் காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாக எடுத்து வைத்த புகைப்படங்கள். ஆகவே புதுத் திருமேனி வரும் நாளிலேயே முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று ஐந்து படம், பாதம் முதல் கேசம் வரை உயரம், கிராம் வரை எடை, வார்ப்புக் காலின் சோதனைத் துண்டு ஒன்று, இவற்றைப் பதிவேட்டில் சேருங்கள். விலை பேசக் கிலோ உதவாது என்று மேலே சொன்னோம். ஆள் அடையாளத்துக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. இரண்டு வார்ப்புகள் கிராம் வரை ஒரே எடையில் வரவே வராது.

பீடத்தின் அடியில் ஆண்டும் ஊரும் வெட்டச் சொல்லுங்கள், ஸ்தபதியின் பெயரும் இருக்கட்டும். மண்டபத்தில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயரை விளக்கின்மேலேயே எழுதுகிறோம். திருமேனி செய்தவர் பெயர் கோயிலில் எங்குமே இருப்பதில்லை. இந்த வேலைக்கு வரும் பையன் மெழுகு பிசையவே ஒரு வருடம், கை கால் தனியே பிடிக்க இரண்டு வருடம், முகத்தில் கை வைக்கப் பல வருடம் என்று காத்திருக்கிறான். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியில் படித்து வருபவனுக்கும் பட்டறையில் இந்தப் படிகள் உண்டு. மெழுகுக்காரர், மண் கட்டுபவர், உலைக்காரர், செதுக்குபவர் என்று நான்கு கைகள் ஒரு திருமேனியில் இருக்கின்றன. கிலோ விலையில் பணம் கடைசியில் ஒரே தொகையாக வருவதால் முதல் கைக்கு, அதாவது வடிவத்தைத் தீர்மானிக்கிற கைக்கு, கடைசியில் மிஞ்சியதுதான் போகிறது. முன்பணத்தில் செம்பு வாங்க ஒரு பங்கு, மெழுகை ஒப்பியதும் ஒரு பங்கு, வார்ப்பைப் பார்த்ததும் ஒரு பங்கு, மீதி கண் திறந்த பின் என்று பிரித்தால், நீங்கள் வருவதற்கும் ஒரு காரணம் இருக்கும், மெழுகுக்காரர் வேறு வேலை தேடி வெளியூர் போகாமல் இருக்கவும் ஒரு காரணம் இருக்கும்.

அறிவிப்பில் எழுதுவதற்கு வசதியாக நாங்கள் கேட்கும் வாசகம் இது: "மூர்த்தியும் கோலமும், பாதம் முதல் கேசம் வரை உயரம், பீடம் தனியே, கனவார்ப்பு, கையால் பிடித்த மெழுகு, செம்பு, பித்தளை, ஈயம் இன்ன விகிதம், மெழுகு நிலையிலும் மெருகுக்கு முன்பும் குழு பார்த்து எழுத்தில் ஒப்புதல் தரும், தொகை திருமேனிக்கு, கிலோவுக்கு அன்று, உலோகம் அன்றைய சந்தை விலையில் தனிக் கணக்கு." இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வராது.

மெழுகு பார்க்க வரும் நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்பாக வந்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கெல்லாம் மெழுகு கைக்கு ஒட்டும், நீங்கள் சொல்லும் திருத்தத்தை உங்கள் கண்முன்னே செய்துகாட்ட முடியாது. குருக்களுக்கு அன்று காலைசந்தி இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஈரத்துணி போர்த்தி மாலை ஐந்து வரை நிழலில் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
காவிரிக் கரையில் செப்புத் திருமேனி வேலையில் இருப்பவர்கள்